ஆர்ட்டின் இரண்டும் அரைச் சட்டிக் கரியும்

"தோல் தடித்த ஆரஞ்சுக்கு..." என்று தொடங்கும் ஒரு பழமொழி. அதற்குப் பிறகு ஏதோ வரும். கத்தியா குரங்கா, ஞாபகமில்லை. எங்கள் கல்யாணத்தில் மாமனார் அரைமணி நேரம் பேசினார். அதில் எனக்குத் தேறியது இந்த அரை வரிதான். மீதியை அவரே ஊற்றிக்கொடுத்த அரிசிச் சாராயம் அடித்துக்கொண்டு போய்விட்டது. பெண்ணைக் கொடுத்தவர் மாப்பிள்ளையைக் கையால் காட்டி ஆரஞ்சு என்கிறார். பாராட்டாகத்தான் இருக்கும் என்று தலையை ஆட்டிவைத்தேன்.

மறுபாதி எனக்குத் தெரியவந்தது இந்த வருடம், தெத் புத்தாண்டின் மூன்றாம் நாள் மத்தியானம், என் வீட்டுப் பாயில் உட்கார்ந்திருந்தபோது.

என் பெயர் லாம். ஊர் ஹைஃபாங். பள்ளிக்கூடத்தில் பாதியை எங்கள் மொழியிலும், அப்பா தறி ஆலை வேலைக்குப் போன இடத்தில் மீதியைச் செக் மொழியிலும் படித்தேன். இரண்டு மொழியிலும் சுமாரான மாணவன் என்றே பெயர். கல்யாணத்துக்குப் பிறகு மறுபடியும் அங்கேயே போய், பிர்னோ நகரத்துச் சந்தையில் பதினெட்டு வருடம் சட்டையும் காலுறையும் விற்றேன். திரும்பி வந்து இரண்டு வருடம் ஆகிறது.

நெடுநாள் கழித்து வீடு திரும்புகிறவனிடம் ஒரு விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வீட்டில் அவனுக்கு எல்லாம் இருக்கும். சோறு இருக்கும், மரியாதை இருக்கும், பல் துலக்கப் புது பிரஷ்கூட வாங்கி வைத்திருப்பார்கள். இடம் மட்டும் இருக்காது. அவன் விட்டுப்போன இடத்தில் வீடு எதையாவது இழுத்துப் போட்டிருக்கும்.

எங்கள் வீடு நண்டுக்கூடையை இழுத்துப் போட்டிருந்தது. என் மனைவி ஹியென் வீட்டின் முன்பக்கத்தில் நண்டு நூடுல்ஸ் கடை நடத்துகிறாள். ஹியென் என்றால் எங்கள் மொழியில் சாது என்று அர்த்தம். பெயர் வைத்தவர்கள் குழந்தை முதல் தடவை அழும்வரையாவது பொறுத்திருக்கலாம். கடையில் ஆறு மேஜை. ஜன்னலோரம் ஒரு மூலை. வெளிச்சமும் காற்றும் தெருவில் போகிறவர்களின் பார்வையும் ஒன்றாக வந்து விழும் மூலை. பிர்னோவிலிருந்து நான் மடியில் வைத்துக்கொள்ளாத குறையாகக் கொண்டுவந்த காப்பி மிஷின் அந்த மூலைக்கென்றே செய்தது. ஆனால் அங்கே வயல் நண்டுக் கூடைகளும், நண்டு இடிக்கும் உரலும், ஒரு முக்காலியும் இருந்தன. மிஷின் கட்டிலுக்கு அடியில் பெட்டிக்குள் இருந்தது. நான் குழாயடியில் இருந்தேன், கிண்ணம் கழுவிக்கொண்டு.

"ஏம்மா, அந்த மூலைய மட்டும் எனக்கு விடேன். ரெண்டு மேஜை, ஒரு மிஷின். நாலு பேரு வந்து காப்பி குடிப்பாங்க."

"நண்டு எங்க போகும்?"

"பின்னால போகட்டும்."

"நண்டு பக்கவாட்டுலதாங்க போகும். பின்னால போகாது."

இப்படியே இரண்டு வருடம்.

எங்கள் வீட்டுப் புத்தாண்டுச் சீட்டாட்டத்தில் காசு கிடையாது. நாலு பேர், ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. இரண்டுதான் இருப்பதிலேயே பெரிய சீட்டு. அதிலும் ஆர்ட்டின் இரண்டு ராஜாவுக்கெல்லாம் ராஜா. கையைக் காலி பண்ணியவர் தப்பினார். கடைசியில் கையில் சீட்டோடு நிற்பவர் முகத்தில் சட்டிக்கரி. ஊர் வழக்கம் இது. வருடம் முழுக்க எரிவாயு அடுப்புதான் என்பதால் கரி எங்களுக்கு வருடத்துக்கு ஒரு தடவைதான் விளையும். இலையில் பொதிந்த அரிசிக் கட்டிகளைப் புத்தாண்டுக்காக விறகில் வேகவைக்கும் அந்தப் பெரிய அண்டாவின் அடியில்.

திரும்பி வந்த முதல் புத்தாண்டில் என் முகத்தில் ஒன்பது கோடு. இரண்டாவது புத்தாண்டில் கோடு எண்ண முடியவில்லை, கோட்டுக்கு நடுவே முகத்தை எண்ண வேண்டியிருந்தது. அந்தக் கோலத்தில் என்னைப் படமெடுத்து, பெரிதாக்கி, கடையில் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள் ஹியென். வருகிறவர்கள் எல்லோரும், "இவருதான் அடுப்பு பாக்கறவரா?" என்று கேட்டார்கள்.

"கழட்டு அத," என்றேன்.

"கழட்டிட்டு? அந்த ஆணில எத மாட்டறது?"

"எதையும் மாட்ட வேணாம். மூலையையும் குடு, படத்தையும் கழட்டு."

வெங்காயத்தாளை நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை நிறுத்தவில்லை.

"பந்தயம் வச்சுக்கலாமா? வர்ற புத்தாண்டு ஆட்டம் முடியறப்ப, இருக்கற நாலு பேர்ல உங்க மூஞ்சிலதான் கரி அதிகம்னா மிஷின் என் தம்பி குயெத்துக்கு. மூலைப் பேச்ச அப்புறம் எடுக்கவே கூடாது. வேற யார் மூஞ்சிலயாவது அதிகம்னா மூலை உங்களுக்கு. படத்தையும் கழட்டிடறேன்."

"நீயும் ஆடுவியா?"

"நான் ஆடினா கரிச்சட்டிய யாரு பிடிக்கறது?"

கைகுலுக்கினோம். அவள் கையில் வெங்காய வாசனை. என் கையில் சோப்பு. புத்தாண்டுக்கு மூன்று மாதம் இருந்தது.

அன்றைக்கே நான் ஒரு மகத்தான முடிவு எடுத்தேன். நேர்மையாக ஆடி இரண்டு வருடம் கரி பூசிக்கொண்டாயிற்று. இனி விரலை நம்புவது.

கைப்பேசியில் ஒருவர் பாடம் எடுக்கிறார். முகம் தெரியாது. மேஜை மேல் இரண்டு கைகள் மட்டும் தெரியும். அந்தக் கைகள் ஒரு சீட்டை எடுக்கும், சீட்டு இருக்காது. இல்லாத இடத்திலிருந்து எடுக்கும், இருக்கும். மேலிருந்து போடுவது போலக் கட்டின் அடியிலிருந்து போடும். நான் முதலில் பழகியது அதைத்தான். பத்து நாளில் எனக்கும் வந்தது. ஒரே ஒரு குறை, அடியிலிருந்து ஒன்று வரும்போது நடுவிலிருந்து நாலு கூடவே வந்தன.

அடுத்து, சீட்டை உள்ளங்கையில் ஒட்டவைத்துக்கொண்டு கை வெறுமையாக இருப்பதுபோல் காட்டுவது. காலை முழுக்கச் சோப்புத் தண்ணீரில் ஊறிய உள்ளங்கையில் சீட்டு ஒட்டாது. வழுக்கும். எங்கே வழுக்கி எங்கே விழும் என்று எனக்கே தெரியாது. ஆறாவது வாரம் தெரிந்தது.

"லாம் அண்ணே, கொஞ்சம் இங்க வாங்க," என்று கூப்பிட்டார் எதிர்த்த வரிசையில் ஸ்கூட்டர் பழுது பார்க்கும் தோவான். கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நூடுல்ஸ்ல நண்டு இருக்கும், கீரை இருக்கும். ஒத்துக்கறேன். கிளாவர் நாலு எதுக்கு?"

"அது... பரிசுத் திட்டம். சீட்டு வந்தா இன்னொரு கிண்ணம் சும்மா."

"நாலுன்னு போட்டிருக்கே. நாலு கிண்ணமா?"

உள்ளேயிருந்து ஹியென் குரல் கொடுத்தாள். "நாளைக்கு ராஜாவப் போட்டுடாதீங்க. கடைய எழுதிக் குடுக்கணும்!"

அவ்வளவுதான் சொன்னாள். சீட்டு எப்படிக் கிண்ணத்துக்குள் வந்தது, கழுவுகிற இடத்தில் சீட்டுக்கு என்ன வேலை என்றெல்லாம் கேட்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. இவ்வளவு வருடக் கல்யாணத்துக்குப் பிறகு எனக்குப் பயமாக அல்லவா இருந்திருக்க வேண்டும்!

பயிற்சி நேரம் மத்தியானம். இரண்டு மணிக்குக் கூட்டம் ஓய்ந்ததும் ஹியென் கட்டிலில் சாய்வாள். ஐந்து நிமிடத்தில் குறட்டை கிளம்பும். ஒரே சீரான குறட்டை. அலமாரிக் கண்ணாடி முன்னால் நான் உட்கார்ந்து, அதையே தாளமாக வைத்துக்கொண்டு விரலை ஓட்டுவேன். குறட்டை ஏறும்போது எடு, இறங்கும்போது ஒளி.

உள்ளங்கை வழுக்குகிறதே என்று யோசித்து, சீட்டை வைக்க வேறு இடம் கண்டுபிடித்தேன். பாய்க்கு அடியில். ஆட்டம் முடிந்து சீட்டுகளை வாரும்போது ஆர்ட்டின் இரண்டை மட்டும் பாயின் ஓரத்துக்கு அடியில் தள்ளிவிடுவது. மீதியைக் கலைத்துப் போடும்போது எனக்குக் கடைசியாகப் பன்னிரண்டுதான் விழும். பதின்மூன்றாவதை அடியிலிருந்து உருவிக்கொள்வது. யாரிடம் என்ன இருந்தாலும் ராஜாவுக்கு ராஜா என்னிடம்.

இதில் முக்கியம் விரல் இல்லை என்கிறார் கைப்பேசிக்காரர். கை திருடும்போது மற்ற உடம்பு எதையாவது சாதாரணமாகச் செய்ய வேண்டுமாம். திருடிய கையையே எடுத்து மூக்கைச் சொறி. அதுவரை அந்தக் கை மூக்கு சொறியத்தான் காத்திருந்தது என்று பார்க்கிறவன் நினைத்துக்கொள்வான். நல்ல யோசனை. தள்ளு, மூக்கைச் சொறி. உருவு, கன்னத்தைத் தடவு. ஒரே இடத்தைத் தொட்டால் சந்தேகம் வரும் என்று நெற்றி, தாடை, காது மடல் என்று வகை வகையாகப் பழகினேன். மூன்றாவது மாதம் முடிவதற்குள் என் விரல்கள் எனக்கே தெரியாமல் வேலை செய்தன. என் வாழ்க்கையில் நான் ஒன்றை இவ்வளவு ஒழுங்காகக் கற்றதில்லை. செக் இலக்கணத்தைக்கூட.

புத்தாண்டு நெருங்கியது. அண்டா விறகில் ஏறி இறங்கியது. கொல்லையில் அதைக் கவிழ்த்து வைத்து, ஹியென் அதன் அடியைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். சட்டியில் பாதிக்குமேல் கரி. அதில் உருக்கிய பன்றிக்கொழுப்பை விட்டுக் குழைத்தாள்.

"இவ்வளவு எதுக்கு? எண்ணெய் வேற?"

"இந்த வருஷம் கரி நல்லா விளைஞ்சிருக்கு. எண்ணெ போட்டாதான் ஒட்டும்."

உள்ளே வந்தால், அலமாரிக் கதவில் கண்ணாடி இல்லை.

"கண்ணாடி எங்க?"

"கழட்டித் தொடச்சு வச்சிருக்கேன். புத்தாண்டுக்கு வீட்ட சுத்தம் பண்ண வேணாமா?"

நான் கவலைப்படவில்லை. என் பாடம் முடிந்துவிட்டது. தேர்வு எழுதப் போகிறவனுக்குப் புத்தகம் எதற்கு?

மூன்றாம் நாள் சாப்பாடு முடிந்தது. பாயை ஹியெனே விரித்தாள். எனக்குத் தூண் ஓரம், வழக்கமான இடம். எதிரே மாமனார். இந்தப் பக்கம் மச்சான் குயெத், அந்தப் பக்கம் அவன் மனைவி லோவான். யார் கைக்கும் எட்டாத தூரத்தில் கரிச்சட்டியோடு ஹியென். வீட்டுக்காரன் என்ற முறையில் முதலில் நான்தான் கலைத்துப் போட்டேன். யார் ஜெயிக்கிறார்களோ அவர்களே மறுபடி கலைப்பது எங்கள் வழக்கம். நான் ஜெயித்தேன். மறுபடி நானே கலைத்தேன்.

தள்ளினேன், மூக்கைச் சொறிந்தேன். உருவினேன், கன்னத்தைத் தடவினேன்.

பாய்க்கு அடியில் லேசாகப் பிசுபிசுத்தது. சாப்பாட்டுக் கொழுப்பு சிந்தியிருக்கும் என்று நினைத்தேன். விரல் நுனி கறுத்திருந்தது. அதிலென்ன, முகத்தில் கோடு வாங்கியவர்கள் முகத்தைத் தொட்டுவிட்டுச் சீட்டைத் தொடுகிறார்கள்; ஐந்தாம் ஆட்டத்துக்குள் எல்லோர் விரலும் கறுப்பு, எல்லாச் சீட்டும் கறுப்பு.

ஹியென் தோற்றவர்களுக்கு ஒரு விரலால் ஒரு கோடு இழுத்தாள். மெல்லிசாக, மை தீட்டுவதுபோல.

"என்ன அத்தான், இன்னைக்கு கை பேசுதே!" என்றான் குயெத். அவன் நெற்றியில் மூன்று கோடு.

"கை பேசும், வாய் பேசாது," என்று சொல்லிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டேன்.

லோவான் சிரிக்க ஆரம்பித்தாள்.

"என்னம்மா சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல அண்ணே. நீங்க ஜெயிக்கறதப் பாத்தா சந்தோஷமா இருக்கு."

"மாப்பிள்ள," என்றார் மாமனார், என்னை உற்றுப் பார்த்துக்கொண்டே, "காது அரிக்குதா?"

"இல்லையே மாமா."

"அரிக்கட்டும், அரிக்கட்டும். நல்லா சொறிஞ்சுக்குங்க."

குயெத் பாயில் புரண்டான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஜெயிக்கிறவனோடு சேர்ந்து வீடே சிரிக்கிறது. இருபது வருடத்தில் இந்தக் குடும்பத்துக்கு நடுவே நான் இவ்வளவு சௌகரியமாக உட்கார்ந்ததில்லை. பிர்னோவில் புத்தாண்டு அன்று தனியாக ஒரு முட்டையை அவித்துத் தின்ற வருடங்களை நினைத்துக்கொண்டேன். கண் கலங்கியது. கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

அதோடு லோவான் எழுந்து கொல்லைக்கு ஓடிவிட்டாள்.

பதினோரு ஆட்டம். ஒன்றில்கூட நான் கடைசியாகவில்லை. குயெத்துக்கு ஐந்து கோடு, லோவானுக்கு நாலு, மாமனாருக்கு இரண்டு. சீட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஹியென், அந்தப் படத்தக் கழட்டு. கூடையப் பின்னால தூக்கு. குயெத், கட்டிலுக்கு அடில மிஷின் இருக்கு, ஒரு கை குடு."

"இருங்க," என்றாள் ஹியென். "பாத்துடலாம்."

"என்ன பாக்கறது? பதினொண்ணுல ஒண்ணுகூட நான் தோக்கல."

"யாரு ஜெயிக்கறாங்கன்னா பந்தயம்? யார் மூஞ்சில கரி அதிகம்னுதான பந்தயம்?"

உள்ளே போய் அலமாரிக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினாள்.

கண்ணாடிக்குள் ஓர் அண்டாவின் அடிப்பாகம் உட்கார்ந்திருந்தது. அதற்கு இரண்டு கண் இருந்தது. கண்ணைச் சுற்றியும் கரி. மீசை இருந்தது, எனக்கு மீசை கிடையாது. போன வருடத்துப் படத்தில் இருந்தவன் எனக்கு முன்னால் வெள்ளைக்காரன்.

"இது அழுகுணி ஆட்டம்! எனக்கு யாரும் பூசவே இல்லையே!"

"அதத்தான் நானும் கேக்கறேன்," என்றாள் ஹியென். "சட்டி என் கையில. நான் உங்களத் தொடல. அவங்க யாரும் தொடல. அப்ப உங்க கைக்குக் கரி எங்கேர்ந்து வந்துச்சு? சொல்லுங்க. எங்க வச்சீங்க கைய?"

நான் பாயைப் பார்த்தேன். நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். சொல்ல ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அதைச் சொல்ல முடியாது.

மாமனார் என் தோளைத் தட்டினார்.

"கல்யாணத்தன்னிக்கே சொன்னேனே மாப்பிள்ள. தோல் தடிச்ச ஆரஞ்சுக்கு, கூரான நகம்னு ஒண்ணு எங்கேயோ இருக்கும்னு. கேட்டீங்களா?"

குயெத் காப்பி மிஷினைப் பெட்டியோடு எடுத்துப்போய் ஸ்கூட்டரில் கட்டினான். கட்டும்போது, "எப்படிப் போடறதுன்னு வந்து சொல்லித் தருவீங்கல்ல அத்தான்?" என்று கேட்டான். நல்ல பையன்.

எல்லோரும் போன பிறகு கொல்லையில் குந்தி உட்கார்ந்தேன். ஹியென் வெந்நீர் ஊற்றினாள். கொழுப்பில் குழைத்த கரி, லேசில் போகவில்லை.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"கிளாவர் நாலுலேர்ந்து."

"கன்னத்தத் தடவறது?"

"தெனமும் ரெண்டு மணிக்குக் கட்டில்ல படுத்துக் கண்ணாடிலதான பாத்துட்டிருந்தேன்."

"நீ தூங்கிட்டில்ல இருந்த? குறட்டை விட்டியே!"

"கல்யாணமாகி இத்தன வருஷத்துல நான் எப்பவாவது குறட்டை விட்டிருக்கேனா?" என்று கேட்டாள். பிறகு அவளே, "நீங்க எங்க இருந்தீங்க, தெரிஞ்சுக்க," என்றாள். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. காது மடலுக்குப் பின்னால் தேய்த்துவிட்டுக்கொண்டே சொன்னாள்.

கண்ணில் இறங்கிய தண்ணீரை வழித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"மொதல் நாளே நிறுத்தியிருக்கலாம்ல? மூணு மாசம் வேடிக்கை பாத்திருக்க."

"வேடிக்கையா? கையக் காட்டுங்க." என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். சந்தையில் சாமான் வாங்குகிறவள் பார்க்கும் பார்வை. "வந்தப்ப இந்த விரலெல்லாம் கட்டையா இருந்துச்சு. இப்ப எப்படி வளையுது பாருங்க. நண்டு ஓட்டுக்குள்ளேர்ந்து மஞ்சக் கருவ ஊசியால ஒடையாம எடுக்கணும்னா இப்படித்தாங்க விரல் வேணும். எனக்கு இப்பல்லாம் வலிக்குது. ஆள் வச்சாலும் அவ்வளவு நைசா வராது. பழகட்டும்னுதான் விட்டு வச்சேன்."

நான் என் விரல்களைப் பார்த்தேன்.

"நாளைக்குக் கடை தொறக்கணும். உங்க மேல எதையும் திணிக்க மாட்டேன். பழையபடி குழாயடில கிண்ணம் கழுவறதுன்னாலும் சரி. நண்டுன்னாலும் சரி. நண்டுன்னா ஜன்னல் மூலைல உக்காந்துக்கலாம். வெளிச்சம் அங்கதான் நல்லா இருக்கு. எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

நண்டு என்று சொன்னேன்.